நான் சிவப்பு மையில் அடித்த பக்கம்

துறையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். எனக்குப் பிறகு கல்லூரியில் துறைத் தலைவர் நாற்காலிக்கு வந்த கார்த்திகேயன் போன் செய்தார். "சார், உங்க சர்வீஸ் அனுபவம் ரெண்டு பக்கம் வேணும். கோட்டு போட்ட போட்டோ ஒண்ணு. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் சார், புள்ளைங்க படிப்பாங்க."

நல்ல மனிதர், என்னிடமே படித்தவர். இனிமேல் எல்லா மாணவர்களும் ஊருக்குள் போய் வேலை பார்த்து, அதற்கும் மதிப்பெண் வாங்க வேண்டுமாம். அதற்கு என் பெயரில் ஒரு 'மாடல்' வேறு வைத்திருக்கிறார்களாம். உயிரோடு இருக்கும்போதே மாடல் வைத்துவிட்டார்கள், இனி மாலை போடுவதுதான் பாக்கி. பாசிட்டிவாக எழுத என்னிடம் சரக்கு இல்லை. இருப்பதை எழுதுகிறேன். வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடட்டும்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் நெல் போடும் குடும்பம் எங்களுடையது. நான் ஒருவன்தான் படித்து, கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகம் சொல்லிக்கொடுக்க வந்தேன். செம்மண்டலத்தில் வாடகைக்குக் குடியேறி, பிறகு அங்கேயே வீடு கட்டிக்கொண்டேன். முதல் ஆறு வருஷம் எல்லோரையும் போல நோட்ஸ் சொன்னேன். 'நுகர்வோர் என்பவர் யார்?' என்று ஆரம்பித்தால் அறுபது தலையும் குனியும், அறுபது பேனாவும் ஓடும். நுகர்வோர் மட்டும் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த பஞ்சர் கடைக்குப் போனேன். வகுப்பிலேயே முதல் மாணவன் நோட்டைத் திறந்துகொண்டு, "உங்க டார்கெட் மார்க்கெட் யாருங்க?" என்று கேட்டான். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, "பஞ்சர் ஆனவன்" என்றார். பையன் அதையும் எழுதிக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் நோட்ஸ் கட்டைப் பரணில் போட்டவன்தான், அப்புறம் எடுக்கவேயில்லை.

அதன் பிறகு நான் வகுத்த முறை இது. இரண்டாம் வருஷ மாணவர்கள் நாலு நாலு பேராக ஏதாவது ஒரு சின்னத் தொழிலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். டீக்கடை, இட்லி மாவு அரைக்கும் வீடு, மீன் ஏலம், எதுவானாலும் சரி. முதல் முப்பது நாள் வாயைத் திறக்கக் கூடாது. தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும், கூட்டச் சொன்னால் கூட்ட வேண்டும். யோசனை சொல்லக் கூடாது, 'ஏன்' என்றும் கேட்கக் கூடாது. பிள்ளைகள் இதற்கு 'வாய்க்கட்டு மாசம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தினமும் மாலையில் நாற்பது பக்க நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். கண்ணால் கண்டதை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. சனிக்கிழமை நான் அதைச் சிவப்பு மையில் திருத்துவேன். இரண்டாவது மாதம் மூன்று கேள்விகளுக்கு மட்டும் அனுமதி. மூன்றாவது மாதம் ஒரே ஒரு யோசனை சொல்லலாம், அதுவும் தொழில்காரர் தாமாகக் கேட்டால்.

தேர்வு இன்னும் வேடிக்கை. பரிசோதகர் நாற்காலியில் தொழில்காரர் உட்காருவார், மாணவன் நிற்பான். ஐம்பதுக்கு அவர் போடுவதுதான் மதிப்பெண். ஒரு டீக்கடைக்காரர், "டம்ளர் கழுவறப்போ மூஞ்சிய சுளிச்சான் சார்" என்று ஒருவனுக்கு ஏழு போட்டார். அந்தப் பையனின் அப்பா பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். ஜீப்பில் வந்து இறங்கி என் மேஜையைத் தட்டினார். நான் மாற்றவில்லை. அந்த ஏழு மதிப்பெண்ணைப் பற்றி இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்.

எங்கள் கல்லூரி முதல்வர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். கோப்பை வாங்கியதும் முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்புவார். பேனா மூடியால் மேஜையில் மூன்று தட்டுத் தட்டுவார். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்பார். அந்த 'சார்' வந்துவிட்டால் பின்னாலேயே ஒரு 'ஆனா' வரும் என்று ஆபீஸ் ப்யூனுக்குக்கூடத் தெரியும்.

அந்த வருஷம் கல்லூரிக்குத் தரம் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. என் கோப்பின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மூன்று தட்டு. "ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா, இதுல என்ன மாறிச்சு? கமிட்டி வந்து பாக்கறப்போ, பழைய மாதிரியே ஒரு அம்மா ஒக்காந்து கருவாடு வித்துக்கிட்டு இருந்தா, நாம என்ன பண்ணோம்னு கேப்பாங்களே."

நான் சண்டை போட்டிருக்கலாம். ஜீப்பில் வந்தவரிடம் போட்டவன்தானே. ஆனால் முதல்வர், "உங்க பேரு நம்ம காலேஜுக்கு வெளியயும் தெரியணும் சார்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். முப்பது நாள் வாய்க்கட்டைப் பத்து நாளாகக் குறைத்தேன். மற்ற இருபது நாளில் திட்டம் போடச் சொன்னேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, அந்தச் சுற்றறிக்கையில் இருப்பது என் கையெழுத்து.

முதல்வர் சொன்ன 'அம்மா' சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதல்ல. அந்த வருஷம் நாலு மாணவர்கள் ஒட்டிக்கொள்ளவிருந்தது அவரோடுதான், பெயர் அஞ்சலை. தேவனாம்பட்டினத்துக்காரர். சுனாமியில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றவர். அதன் பிறகுதான் வாரா வாரம் சிதம்பரத்துச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோக ஆரம்பித்தார். சந்தை வாசலில் நுழைந்ததும் இடது பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி அவர் இடம். காலை பத்து மணி வரைக்கும் அங்கே வெயில் வராது. ஆறடிக்கு நாலடி இருக்கும். அதில் ஒரு சாக்கை விரித்து, நெத்திலி, கவலை, வாளை என்று கூறு கட்டி உட்கார்ந்துவிட்டால் அவரை அசைக்க ஆள் கிடையாது.

அவர் விற்பதைப் பார்க்கவே நான் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். கூவ மாட்டார். வருகிறவளின் முகத்தைப் பார்த்து, "பொண்ணுக்கு வளைகாப்பு முடிஞ்சிதா?" என்பார். அவள் வாளையைத் தொட்டால், "அத வுடு, ஈரம் காயல. அடுத்த வாரம் வா, ஒனக்குன்னு வச்சிருக்கேன்" என்று தன் சரக்கைத் தானே வேண்டாம் என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பெண் வருஷம் முழுக்க வேறு கடைக்குப் போக மாட்டாள். இதை நான் எத்தனை வகுப்பில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா? அந்தக் கைதட்டில் அவருக்கு ஒரு பங்கும் போகவில்லை.

என் மாணவர்கள் போட்ட திட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் கருவாடு விற்கும் ஆறு பெண்கள் ஒன்றாகச் சேர வேண்டும். பஸ்ஸில் மூட்டை தூக்கி அலைய வேண்டாம். ஒரே கொட்டகையில் உட்கார்ந்து சுத்தம் செய்து, பாக்கெட்டில் அடைத்து, லேபிள் ஒட்டி, புதுச்சேரியில் ஒரு பெரிய கடைக்கு மொத்தமாக அனுப்ப வேண்டும். ஒட்டும் இயந்திரத்தைக் கல்லூரியே வாங்கிக்கொடுத்தது. லேபிளில் அஞ்சலையின் சிரித்த முகம். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

குழு வந்தது, பாக்கெட்டை முகர்ந்து பார்த்தது, பாராட்டியது. தேர்வன்று அஞ்சலை பரிசோதகர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நாலு பேருக்கும் ஐம்பதுக்கு ஐம்பது போட்டார். "நல்ல புள்ளைங்க சார். எம்மாம் ஒழப்பு!" என்றார். நாலு பேரில் ஒருத்தி மரிய செல்வி. பெயின்டர் ஒருவரின் மகள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், அதிகம் பேசாத பெண். மதிப்பெண்ணைக் கேட்டதும் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

ஐந்தாவது மாதம் புதுச்சேரிக் கடைக்காரர் போன் செய்தார். "கருவாட்டுல ஒரு கொறையும் இல்ல சார். பக்கத்து ரேக்குல பிஸ்கட்டு எடுக்கறவுங்க மோந்து பாத்துட்டு வச்சிட்டுப் போறாங்க. இனிமே அனுப்ப வேணாம்." அவ்வளவுதான் விஷயம். அதற்குள் அந்த மாணவர்கள் தேர்வு எழுதி முடித்துப் போய்விட்டார்கள், அடுத்த செட் ஒரு பால் சொசைட்டியில் வாய்க்கட்டில் இருந்தது. மற்ற ஐந்து பெண்களில் சிலருக்கு வீட்டில் படகு இருந்தது, சிலர் ஏலக் கூடத்துக்கே திரும்பிப் போனார்கள். அஞ்சலைக்கு அந்த ஆறடிக்கு நாலடிதான் இருந்தது.

ஒருநாள் அவர் கல்லூரி வாசலில் வந்து நின்றார். "சார், ஒரு தடவ எங்கூட சந்தைக்கு வர்றீங்களா? நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். அடுத்த சந்தையன்று முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வேறு ஒரு சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் கோவிந்தம்மா என்கிற பெண் காய்ந்த கவலை மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்.

சந்தைக் குத்தகைக்காரரிடம் போனேன். "அது அவுங்களுக்குள்ள இருக்கற கட்டுப்பாடு சார். நான் சீட்டு கிழிக்கறவன், அதுல தலையிட்டா என்னைய கிழிச்சிடுவாங்க" என்றார். அவர்தான் விவரமும் சொன்னார். அங்கே இடத்துக்குப் பத்திரம் கிடையாது. சாக்கு விரித்தவருக்கு இடம். உடம்பு சரியில்லை என்றால் சொந்தக்காரரை அனுப்பியாவது சாக்கை விரித்துவிட வேண்டும். தொடர்ந்து மூன்று சந்தைக்குச் சாக்கு விழவில்லை என்றால், வெளியே ரோட்டில் காத்திருக்கிறவர் உள்ளே வரலாம். அஞ்சலையின் சாக்கு கிட்டத்தட்ட இருபது சந்தைக்கு விழவில்லை. எங்கள் கொட்டகையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நான் கோவிந்தம்மாவிடம் குரலை உயர்த்தினேன். "இது அஞ்சலையோட எடம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இல்லன்னு யாரு சொன்னா? அவளே வுட்டுட்டுப் போனா. நான் அஞ்சு வருசமா வெளிய ரோட்டு மேல வெயில்ல ஒக்காந்து கெடந்தேன். அப்போ எந்த வாத்தியாரும் வந்து கேக்கலியே?" என்றார் அவர். கூறு கட்டுவதை நிறுத்தவேயில்லை.

அஞ்சலை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க சார், போலாம். அவ மேல தப்பில்ல. எனக்கும் இந்த எடம் இப்படித்தான் வந்துச்சு. மின்ன இங்க ஒரு கெழவி இருந்தா. மூணு சந்தைக்கு வரல, நான் சாக்க விரிச்சேன். அவ ஏன் வரலன்னு நானும் போயி கேக்கல."

திரும்பும்போது பஸ்ஸில், "இத நீங்க அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேள்வியிலேயே பழியை அவர் தலையில் தள்ளிவிட்டேன் பாருங்கள், வாத்தியார் புத்தி.

"நீங்க கேக்கல சார். படிச்சவுங்க, எல்லாம் ரோசன பண்ணித்தான் சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.

முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கல்லூரி ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பேனா மூடி மூன்று தட்டுத் தட்டியது. "ரொம்ப வருத்தமா இருக்கு சார். ஆனா, இது ரிப்போர்ட் குடுத்ததுக்கு அப்புறம் நடந்ததுதானே?" என்றார். நான் அறைக்குத் திரும்பிய பத்தாவது நிமிஷம் எனக்கு டீ அனுப்பி வைத்தார், சர்க்கரை ஜாஸ்தி போட்டு. குடித்தேன்.

அஞ்சலை கொஞ்ச நாள் சந்தைக்கு வெளியே ரோட்டில் உட்கார்ந்து பார்த்தார். பழைய வாடிக்கைக்காரிகள் வெயிலில் நின்று பேச மாட்டார்கள். பிறகு செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மாசம் பொறந்தா சம்பளம் வருது சார், கொற சொல்லக் கூடாது. என்னா, யாருகிட்டயும் பேச வேண்டிய வேல இல்ல. வாய தொறந்து நாளாவுது" என்று சிரித்தார். வாய்க்கட்டைக் கண்டுபிடித்தவன் முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கென்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மூன்று சந்தைக் கட்டுப்பாடு எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, முதல்வர் அவசரப்படுத்தினார். அதைச் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். ஓய்வு பெறும் வாரம் அலமாரியைக் காலி செய்யும்போது பழைய நோட்டுகள் வந்தன. அதில் ஒன்று மரிய செல்வியுடையது. ஒன்பதாம் நாள் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

'இன்று அஞ்சலையக்காவுக்கு நல்ல காய்ச்சல். போக வேண்டாம் என்று மகள்கள் சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தார். சந்தையில் சாக்கை விரித்து, அதன் மேல் படுத்துக்கொண்டார். எதையும் விற்கவில்லை. ஏற்கெனவே இரண்டு வாரம் வரவில்லை, இன்றும் சாக்கு விழாவிட்டால் இடம் போய்விடும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.'

பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு. கீழே என் கையெழுத்தில், சிவப்பு மையில்: 'உணர்ச்சி வேண்டாம். வணிகத்தைப் பற்றி எழுது.'

முப்பத்தோரு வருஷ வேலையில் எனக்குச் சொல்லப்பட்ட ஆக முக்கியமான வணிகச் செய்தி அது. இருபது வயதுப் பெண் கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருந்தாள், நான் கேட்டபடியே. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. ஊருக்கு உபதேசம் என்பது இதைத்தான்.

செல்வி இப்போது சென்னையில் ஒரு வங்கியில் இருக்கிறாள். நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். "ஏம்மா, அத நீ இன்னொரு தடவ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். மறுபடியும் அதே புத்தி.

"திட்டம் போடறப்பவும் எனக்கு மனசுல உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு சார். ஆனா நீங்க செவப்புல அடிச்சிட்டா அது தப்புன்னுதானே எங்களுக்குத் தெரியும். அக்கா எனக்கு அம்பது போட்டப்போ தாங்கல சார், அதான் அழுதுட்டேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "அய்யோ, வேணாம் சார்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

போன மாதம் அந்தப் புதிய திட்டத்தின் தொடக்க விழா. நான் சிறப்பு விருந்தினர். வாசலில் ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ், அதில் லேபிளில் இருந்த அதே சிரித்த முகம், 'நமது முதல் பயனாளி' என்று கொட்டை எழுத்து. கம்பெனிக்குக் கடிதம் எழுதி, அஞ்சலைக்கு அரை நாள் லீவு வாங்கி மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். கார்த்திகேயனுக்கு நடந்தது எதுவும் தெரியாது, அறிக்கையைத்தான் படித்திருக்கிறார். அறிக்கை, அதைக் கொடுத்த தேதியோடு முடிந்துவிடுகிறது.

அஞ்சலையிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "சாரு நல்லவரு. புள்ளைங்களும் நல்ல புள்ளைங்க" என்றார். பெரிய கைதட்டு. கார்த்திகேயன் உற்சாகமாக, "அம்மா, இந்த வருஷமும் நாலு ஸ்டூடண்ட்ஸ உங்ககிட்ட அனுப்பட்டுமா? உங்க எடத்துல உங்களோட ஒக்காந்து கத்துக்கட்டும்" என்று கேட்டார்.

அஞ்சலை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. "எங்க அனுப்புவீங்க? எனக்குத்தான் எடமே இல்லியே" என்றார்.

அதற்கும் கைதட்டினார்கள். அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். என் முறை வந்தபோது நான் எழுந்து இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கார்த்திகேயன், இதில் நீங்கள் வெட்டுவதை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள். நீங்கள் கேட்ட கோட்டுப் போட்டோவை நான் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாகச் செல்வியின் நோட்டில் அந்த ஒன்பதாம் நாள் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். என் முகம் வர வேண்டிய இடத்தில் அதைப் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் போடாதீர்கள், சிவப்பு தெரிய வேண்டும்.